பாவாத்தாள் உட்கார்ந்த தட்டு

கும்பகோணத்துக்குக் கிழக்கே, பஸ் பலகையில் பேர் இருந்தும் நடத்துநருக்கு ஞாபகம் இல்லாத துலாமங்கலம் என்கிற எங்கள் ஊரில், நிறைகண்டநாதர் கோயில் மண்டபத்துத் தராசில் ஈரோட்டுப் பக்கத்துப் பெண்மணி ஒருத்தி ஏறி உட்கார்ந்து, எதிர்த்தட்டில் எவ்வளவு வெல்லம் வைத்தும் அவள் உட்கார்ந்த தட்டு தரையை விட்டு எழாமல் போன அந்த மாசி மாதத்தில், எங்களுக்கு அறுவடை முடிந்து வேறு வேலையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலை இருந்திருந்தால் நாங்களும் மற்றவர்களைப் போல ஆச்சரியப்பட்டிருப்போம், ஆச்சரியப்பட்டுவிட்டு வயலுக்குப் போயிருப்போம், எல்லாம் அதோடு முடிந்திருக்கும். வேலை இல்லாததால் அந்தம்மாவுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்து எதை வைத்துப் பார்க்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தோம்.

அந்தம்மாவின் பெயர் பாவாத்தாள். அரச்சலூர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்து வீடு, சில கறவை மாடுகள், கட்டிக்கொடுத்து அனுப்பிய ஒரு மகள், சென்னியப்பன் என்று ஒரு புருஷன், இவ்வளவுதான் அவள் உலகம். போன மழைக்காலத்தில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி, ஈரோட்டு ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் சர்க்கரைக்காகச் சேர்ந்திருந்தவர் எங்கள் ஊர் ஜெகதாம்பாள். மகள் வீட்டுக்குப் போன இடத்தில் படுத்துக்கொண்டவர். ஜெகதாம்பாளுக்கு வாய் ஓயாது. பேச முடியாமல், எழுந்து போகவும் முடியாமல், முகத்தில் காற்றுக் குழாயோடு ஒருத்தி பக்கத்தில் கிடைத்தால் விடுவாரா? சுவாமிமலைப் படிகளையும், நாச்சியார்கோயில் கல் கருடனையும், திருவாரூர்த் தேரையும், நாகூர் மினாராவில் புறா உட்காருவதையும், வேளாங்கண்ணிக் கடற்கரையில் மொட்டைத் தலைகள் வெயிலில் மின்னுவதையும் நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் பாவாத்தாள் மருந்தால் பிழைத்தாளா இதைக் கேட்டுப் பிழைத்தாளா என்று டாக்டருக்கே குழப்பம் வந்ததாக ஜெகதாம்பாள் சொல்லிக்கொள்வார். வெளியே வராந்தாவில் நின்ற சென்னியப்பனிடம் எங்கள் ஊர்த் தராசைப் பற்றிச் சொன்னதும் அவர்தான். மனைவி பிழைத்தால் அவள் எடைக்கு எடை வெல்லம் தருவதாகச் சென்னியப்பன் நின்ற இடத்திலேயே வேண்டிக்கொண்டார்.

பிழைத்து எழுந்த பாவாத்தாளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஜெகதாம்பாள் சொன்ன ஊர்களையெல்லாம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் பழனி, பண்ணாரி, கொடுமுடியைத் தாண்டி எங்கும் போனதில்லை. சென்னியப்பன் கெட்டவர் இல்லை. வெளியூர் என்றாலே மாடு கண்முன் வந்து நிற்கிற ஆள், அவ்வளவுதான். சொந்தத் தங்கை கல்யாணத்திலேயே முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பால் கறக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்து நின்றவர். எங்கள் கோயிலிலோ ஒரு கட்டுப்பாடு உண்டு: தராசு முள் நேராக நின்று, கற்பூரம் காட்டி, துலாபாரம் முடிந்துவிட்டால், வேறு கோயில், வேறு ஊர், வேறு வீடு எதிலும் கால் வைக்காமல் நேரே சொந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இதைக் கேட்டதும் சென்னியப்பனுக்கு எங்கள் சாமி மேல் தனி மரியாதையே வந்துவிட்டது. காலையில் துலாபாரம், சாயங்காலம் ரயில் என்று டிக்கெட் எடுத்துவிட்டார். பாவாத்தாள் வாயைத் திறக்கவில்லை. அந்த வீட்டில் கேட்டு வாங்குகிற பழக்கம் மாடுகளுக்கு மட்டும்தான் இருந்தது.

கவுந்தப்பாடி வெல்லம், உருண்டை உருண்டையாக, பார்த்தாலே வாயில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிற நிறத்தில், மூட்டையாக ரயிலேறி அவர்களோடு வந்திருந்தது. பாவாத்தாள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்னும் உடம்பு தேறாதவள், சேலைதான் அவளைக் கட்டிக்கொண்டிருப்பதுபோல இருந்தாள். அதனால் பஞ்சாபகேசக் குருக்கள் மூட்டையைப் பார்த்ததும் பாதியிலேயே முள் நேராகிவிடும், மீதி வெல்லத்தில் ஊருக்கே பொங்கல் வைக்கலாம் என்று கணக்குப் போட்டார். பாவாத்தாள் சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எதிர்த்தட்டில் வெல்லம் ஏறியது. பாதி மூட்டை ஏறியது, முழு மூட்டையும் ஏறியது, கடைவீதியில் இருந்த வெல்லம் ஏறியது, வெல்லம் தீர்ந்ததும் பச்சரிசி ஏறியது, அரிசிக்கு மேல் எங்கள் ஊர் இளவட்டங்கள் இரண்டு பேர் ஏறி நின்று குதித்தும் பார்த்தார்கள். பாவாத்தாள் தட்டு தரையில் பதிந்து உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

தராசில் கோளாறு என்று நினைத்துக் கொல்லரைக் கூப்பிட்டுச் சங்கிலி, கொக்கி, முள் எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னோம். அவர் பார்த்துவிட்டுத் தராசு சுத்தம் என்றார். சந்தேகத்துக்குச் சென்னியப்பன் குனிந்து மனைவியைத் தட்டிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பார்த்தார். கன்றுக்குட்டியைத் தூக்குவதுபோல லேசாகத்தான் வந்தாள். கல்யாணத்தன்று கூட அவளை அப்படித் தூக்கியிராத மனிதர் என்பது அவர் காது சிவந்ததிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. ஆக, பாவாத்தாளுடைய கனம் தராசுக்கு மட்டும்தான் தெரிந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் பழைய ஒல்லிப் பெண்மணிதான் என்று முடிவாயிற்று, அதற்கு மேல் அதைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

பஞ்சாபகேசக் குருக்கள் மட்டும் எல்லாம் தெரிந்தவர்போலச் சிரித்தார். இதற்கெல்லாம் புராணத்திலேயே வழி இருக்கிறது, ஊருக்குப் படிப்பு போதாது என்று சொல்லிவிட்டு, தெருக்கோடிப் பெருமாள் கோயிலிலிருந்து ஒரே ஒரு துளசி இலை வாங்கிவரச் செய்து, வெல்லத்தையெல்லாம் இறக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு அந்த இலையைத் தட்டில் வைத்தார். தட்டு அசையவில்லை. ஒரு கொத்து வைத்தார். பிறகு மாலையாகவே வைத்தார். பிறகு யார் வீட்டு மாடத்திலிருந்தோ செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்தார்கள். குருக்கள் அன்று சாயங்காலம்வரை யாரோடும் பேசவில்லை.

அடுத்து எங்கள் ஊர்ப் பெண்கள் வந்தார்கள். பொருளால் ஈடாகாத பெண்டாட்டிக்குப் புருஷன்தான் ஈடு, அந்த மனுஷனை ஏற்றி உட்காரவையுங்கள் என்றார்கள். இதுதான் விடை என்று எங்களுக்கும் பட்டது, சிலருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. சென்னியப்பன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏறினார். பரண்மேல் ஏற்றிவிட்டு யாரோ ஏணியை எடுத்துக்கொண்டு போனதுபோல, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உயரத்தில் உட்கார்ந்து முழித்தாரே தவிர, தட்டு ஒரு நூல்கூட இறங்கவில்லை. கீழே பாவாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ரயில் நேரம் வந்து, ரயில் போயும் போய்விட்டது. இறங்கி வீட்டுக்குப் போய்விட்டு அப்புறம் வரலாமா என்று சென்னியப்பன் கேட்டதற்குக் குருக்கள் மௌனத்தைக் கலைத்துக்கொண்டு, "இறங்கப்படாது. முள் நேராகாம தட்டு காலியாச்சுன்னா, ஸ்வாமிகிட்ட சொன்ன சொல்லு பாதியில நின்னுடும்" என்று சொன்னார். அப்படியென்றால் மனுஷி எத்தனை நேரம் உட்காருவாள், காலைக் கையை நீட்ட வேண்டாமா என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்தச் சிக்கலைப் பாவாத்தாளே தீர்த்துவைத்தாள். புருஷன் தோளில் கிடந்த துண்டை எட்டி உருவி, தட்டின்மேல் விரித்துப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள். துண்டு கிடந்த தட்டு அவள் இருந்தபோது எப்படியோ அப்படியே தரையில் கிடந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டால் சீட்டு நம்முடையது என்பதை ஊரே ஏற்றுக்கொண்டிருக்கும்போது, நிறைகண்டநாதர் மட்டும் எப்படி மறுப்பார் என்று குருக்களும் ஒத்துக்கொண்டார்.

மறுநாள் காலை விஷயம் சுவாமிமலைக்குப் போய்விட்டது. துலாமங்கலத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு ஈடு வைக்கக் கனமான பொருள் கிடையாதாம், பாவம், வெல்லமும் துளசியும்தான் வைத்திருக்கிறார்களாம், எங்கள் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள், ஐம்பொன் எடை எப்படி இருக்கும் என்று காட்டுகிறோம் என்று அங்கத்து ஸ்தபதிகள் சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தராசைக் கோயிலைவிட்டு வெளியே எடுக்கலாமா என்ற கேள்விக்கு, சாமியே உற்சவத்துக்கு வெளியே போய்வருகிறார், அவர் தராசு போகக்கூடாதா என்று குருக்கள் தீர்ப்புச் சொன்னார். துளசி விஷயத்தில் போன மரியாதையை எங்காவது போய் மீட்டாக வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் இருந்தது. எங்கள் ஊர்க் குஞ்சிதபாதம் தன் டிராக்டரைக் கொடுத்து, தானே ஓட்டவும் வந்தார். டிரெய்லரில் மூங்கில் நட்டு, தராசைக் கட்டி, மேலே பந்தல் போட்டு, ஒரு தட்டில் பாவாத்தாளும் மறு தட்டில் அவர்கள் சொந்த வெல்லமுமாக, சென்னியப்பன் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க, வண்டி புறப்பட்டது. எங்களில் பாதிப் பேர் வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் பின்னால் போனோம். தட்டில் உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் வந்திருப்பீர்கள்.

சுவாமிமலையில் ஸ்தபதிகள் நடராஜரை வைத்தார்கள், சிவகாமியை வைத்தார்கள், வார்த்து முடித்து இன்னும் கண் திறக்காத விக்கிரகங்களையெல்லாம் வரிசையாக வைத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. பாவாத்தாள் அதற்குள் துண்டைப் போட்டுவிட்டுப் படியேறிப்போய் முருகனைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். கும்பகோணத்தில் வெற்றிலைக் கவுளியும் பித்தளை அண்டாவும் வைத்தார்கள். கடைசியில் சலித்துப்போய் எல்லாருக்கும் டிகிரி காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நாச்சியார்கோயில்காரர்கள் ஆளுயரக் குத்துவிளக்குகளை அடுக்கினார்கள், ஆனால் அவர்கள் முகத்தில் ஒரு நம்பிக்கையும் இல்லை. எங்கள் கல் கருடனைக் கருவறையில் சில பேர் தூக்குவார்கள், வாசலுக்கு வரவர ஆள் கூடிக்கொண்டே போகும், அப்படியும் தோள் தாங்காது, கனம் என்றால் அது வருவதும் போவதும் அதன் இஷ்டம் என்று எங்களுக்கே அவர்கள்தான் ஆறுதல் சொன்னார்கள். தஞ்சாவூரிலிருந்து ஒருவர் வேலைமெனக்கெட்டு வந்து ஒரு தலையாட்டி பொம்மையைத் தட்டில் வைத்தார். அது வைத்த நிமிஷத்திலிருந்து இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்ததால் எடுத்துவிட்டோம்.

ஒவ்வோர் ஊரும் வைத்த பொருளை அந்தந்த ஊரே திரும்ப எடுத்துக்கொண்டது. தட்டில் எப்போதும் தங்கியது அந்த ஈரோட்டு வெல்லம் மட்டும்தான். அதுதான் வேண்டிக்கொண்ட பொருள் என்பதால் அதை அசைக்கக் கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். எங்கே வண்டி நின்றாலும் அந்த ஊர் எறும்புக்குச் சேதி போய்விடும். துண்டைப் போட்டுவிட்டுப் பாவாத்தாள் கோயிலுக்குள் போக, வெல்லத்தைக் காத்துக்கொண்டு, தென்னை விளக்குமாற்றால் எறும்பைத் தட்டிக்கொண்டு சென்னியப்பன் வண்டியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. அவ்வளவு தூரம் வந்தும் ஒரு கோயிலையும் பார்க்காத ஒரே ஆள் அவர்தான், ஆனால் அது அவருக்கு உறைக்கக்கூட இல்லை. கையில் போனை வைத்துக்கொண்டு ஊருக்குப் பேசியபடி இருந்தார். எதிர்வீட்டு ராசம்மாள்தான் மாடுகளைப் பார்த்துக்கொண்டாள். மாடெல்லாம் நன்றாக இருக்கின்றன, முன்னைவிடப் பாலும் கூட வருகிறது, நீங்கள் நிதானமாக வாருங்கள் என்று அவள் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். இப்படிச் சொன்னால் ஒரு மனிதனுக்கு மனசு என்ன பாடுபடும் என்று அவள் யோசிக்கவில்லை. திருவாரூருக்குப் போவதற்குள் சென்னியப்பன் போன் பேசுவதையே விட்டுவிட்டார்.

போன் நின்றதும் அவர் காதுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதுவரை பாவாத்தாள் ஒவ்வொரு கோயிலிலிருந்தும் வந்து, துண்டை எடுத்து உதறி, தட்டில் உட்கார்ந்துகொண்டு, பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டு வருவாள். யாரிடம் என்றில்லை, வெல்லத்திடம் சொல்வதுபோலச் சொல்வாள். சென்னியப்பன் ம் கொட்டக்கூட மாட்டார். நாச்சியார்கோயிலைத் தாண்டும்போது மட்டும், அந்தக் கருடன் நிஜமாகவே கல்லா என்று ஒரு தடவை கேட்டார். திருவாரூரில் ஊர்க்காரர்கள் தங்கள் ஆழித்தேரை நிறுத்துகிற முட்டுக்கட்டைகளைக் கொண்டுவந்து தட்டில் அடுக்கி, தேரையே நிறுத்துகிற கட்டை இந்தத் தட்டை நிறுத்தாதா என்று ஜம்பம் பேசித் தோற்றுப்போன அன்று, கோயிலிலிருந்து வந்தவள் உட்காருவதற்கு முன்னாலேயே, உள்ளே என்ன இருந்தது, குளம் பெரிதா, தேர் எவ்வளவு உயரம் என்று அவராகவே கேட்க ஆரம்பித்துவிட்டார். அவள் சொன்னாள். அவர் எறும்பு தட்டுவதை விட்டுவிட்டுக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் பேசி அவர் கேட்டது அன்றைக்குத்தான் என்று எங்களுக்குத் தோன்றியது. எங்களில் சில பேர் அதைப் பார்த்துவிட்டு அவரவர் வீட்டுக்குப் போன் போட்டோம்.

நாகூரில் காசிம் மரைக்காயர் என்றொரு பெரியவர், பாட்டனார் காலத்துக் கப்பலின் நங்கூரத்தைத் தோட்டத்திலிருந்து தோண்டியெடுத்து ஆட்களோடு தூக்கிவந்தார். கடலையே பிடித்து நிறுத்திய நங்கூரம் அது, தட்டில் பூ விழுந்ததுபோலக் கிடந்தது. மரைக்காயர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, சரி, அம்மா தர்காவைப் பார்த்துவிட்டு வரட்டும், பிள்ளைகளுக்கு டீ சொல் என்றார். அங்கேதான் சென்னியப்பன் விளக்குமாற்றைக் குஞ்சிதபாதத்தின் கையில் கொடுத்துவிட்டு முதல்முறையாக மனைவியோடு உள்ளே போனார். திரும்பி வரும்போது இரண்டு பேரும் புறாவைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். வேளாங்கண்ணியில் பாவாத்தாள் உயரத்துக்கே ஒரு மெழுகுவர்த்தி செய்து வைத்தார்கள், அதுவும் ஆகவில்லை. அது வீணாகக்கூடாது என்று அதை அவர்களே மாதாவுக்கு ஏற்றிவிட்டார்கள். சென்னியப்பன் கடலில் முழங்கால்வரை இறங்கி நின்று, அலை வரும்போதெல்லாம் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி, மறுபடி போய் நின்று, இதைத் திரும்பத் திரும்பச் செய்தார். மாட்டைப் பற்றி அன்று முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்குள் போகிற வழியில் எல்லாருக்கும் பாவாத்தாளைத் தெரிந்துவிட்டது. அவளுக்கு ஈடு வைப்பது ஒரு சடங்குபோல ஆகி, ஊர் எல்லையில் மேளத்தோடு நின்று வரவேற்றார்கள். ஈடாகாவிட்டால் யாரும் வருத்தப்படவும் இல்லை, பக்கத்து ஊரிலும் ஆகவில்லை என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பெண்களைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஒல்லியான பெண்மணி தட்டில் உட்கார்ந்து ஊர்ச் சொத்தையெல்லாம் மேலே தூக்கிவிடுவதைப் பார்த்துவிட்டு, அவர்கள் தங்கள் வீட்டு ஆண்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். சோறு ஆறிக் கிடந்தது, கேட்டால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. நாங்கள் ஊர் ஊராக இதைப் பரப்பிக்கொண்டு போனோம் என்று இன்றைக்கும் எங்கள் மேல் ஒரு பழி உண்டு.

வேதாரண்யத்துக்கு ஒரு காலைநேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அங்கே வைக்க உப்புக்கா பஞ்சம்? உப்பளத்துக்காரர்கள் மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள், டிரெய்லர் முனகியது, குஞ்சிதபாதம் டயரைப் பார்த்துப் பார்த்துப் புலம்பினார், முள் மட்டும் பாவாத்தாள் பக்கமே சாய்ந்து நின்றது. உப்பை இறக்கிவிட்டு எல்லாரும் உப்பளத்துக் கரையில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். தட்டில் உட்கார்ந்து பாவாத்தாளும் சாப்பிட்டாள். எதிர்த்தட்டில் பழைய வெல்லம் மட்டும் இருந்தது. இனி எந்த ஊரிலிருந்தும் அழைப்பு இல்லை, கடல்தான் மிச்சம், திரும்பிப் போவதா என்று குருக்கள் யோசித்துக்கொண்டிருந்தார். சென்னியப்பன் விளக்குமாற்றை வைத்துவிட்டு, தட்டுப் பக்கமாக வந்து நின்றார்.

"ஏம்புள்ள," என்றார், "எல்லாமே மத்தவிய கூப்புட்ட ஊராத்தான் போயிக்கிட்டிருக்கறோம். உனக்கு எங்க போகோணும்னு இருக்குது?"

பாவாத்தாள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அந்தக் கேள்வியை அதற்கு முன்னால் யாரும் அவளிடம் கேட்டதில்லை, அப்பன் கேட்டதில்லை, புருஷன் கேட்டதில்லை, பெற்ற மகளும் கேட்டதில்லை, அதனால் பதில் எங்கே வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது. சென்னியப்பனும் அவசரப்படுத்தவில்லை.

"கொடுமுடிக் காவேரியில தீர்த்தக் கொடம் எடுக்கறமுங்கல்ல," என்றாள் கடைசியில், மெதுவாக. "அந்தத் தண்ணி நம்மளத் தாண்டி இத்தன ஊரு வருதுங்க. கடைசியில எங்க போயிச் சேருதுன்னு பாக்கோணுமுங்க. பூம்புகார்ல கடலுக்குள்ள போகுதாமா. அந்த எடத்தப் பாக்கோணும்."

அவள் சொல்லி முடித்தபோது தட்டு எழுந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. ஆலமரத்து விழுதில் தொங்கும் குழந்தையைக் கீழிருந்து யாரோ மெல்லத் தூக்கிவிடுவதுபோல அவள் மேலே வந்தாள், எதிரே வெல்லத் தட்டு கீழே வந்தது, நடுவில் முள் ஆடி ஆடி நேராக நின்றது. நடராஜராலும் நங்கூரத்தாலும் உப்பாலும் ஆகாதது, வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்த வெல்லத்துக்குச் சரியாக ஆகியிருந்தது. இட்லி சாப்பிட்ட கையோடு எல்லாரும் எழுந்துவிட்டோம். குருக்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மணியைத் தேடினார், கற்பூரத்தைத் தேடினார், ஆரத்தித் தட்டில் வைத்துத் தீக்குச்சியை உரசினார்.

பாவாத்தாள் முள்ளைப் பார்த்தாள். முள் நேராகிவிட்டால் கற்பூரம், கற்பூரம் காட்டிவிட்டால் நேரே வீடு. அது எங்கள் எல்லாருக்கும் அந்த நிமிஷம்தான் ஞாபகம் வந்தது, சந்தோஷப்பட்ட வாய் அப்படியே நின்றுவிட்டது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பழைய பாவாத்தாளாக முகத்தை வைத்துக்கொண்டாள். "சரிங்க, ஊட்டுக்குப் போலாமுங்க" என்றாள். "மாடு காத்துக்கிட்டிருக்குமுங்க."

சென்னியப்பன் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குருக்கள் கையில் எரியத் தொடங்கிய தீக்குச்சியைப் பார்த்தார். பிறகு, அத்தனை ஊர் எறும்பிடமிருந்தும் ஓர் உருண்டை குறையாமல் தாம் காத்துவந்த வெல்லத்திலிருந்து, மேலாக இருந்த பெரிய உருண்டையை எடுத்து, உடைத்து, ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டார்.

பாவாத்தாள் தட்டு கொஞ்சம் கீழே இறங்கி நின்றது.

"சாமி," என்றார் சென்னியப்பன், கன்னம் புடைக்க. "பத்தவெக்காதீங்க. முள்ளு இன்னும் நேராகுலீங்க."

பஞ்சாபகேசக் குருக்கள் முள்ளைப் பார்த்தார். சற்று முன்னால் அது நேராக நின்றதை அவர் தம் கண்ணால் பார்த்திருந்தார், நாங்களும் பார்த்திருந்தோம், உப்பளமே பார்த்திருந்தது. அவர் தீக்குச்சியை ஊதி அணைத்துவிட்டு, கற்பூரத்தை எடுத்துப் பழையபடி டப்பாவில் போட்டு மூடினார். ஆமாம், சாய்ந்துதான் இருக்கிறது என்றார். பூம்புகாருக்குக் காரைக்கால் வழியா, மாயவரம் வழியா என்று குஞ்சிதபாதம் அதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டே கேட்டார். சென்னியப்பன் டிரெய்லரில் ஏறி, கையிலிருந்த மீதிப் பாதி வெல்லத்தை மனைவியிடம் நீட்டினார். பாவாத்தாள் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டு, சாமிக்குச் சேர வேண்டிய அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள்.